கிழங்கு மாவில் சிக்கிய நிறங்கள்

பொம்மிடி கடைவீதியில் ஏதாவது ஒரு மளிகைக்கடைக்குள் போய்ச் சுவரைப் பாருங்கள். தாமரை மேல் நிற்கும் ஒரு லட்சுமி காலண்டர் பெரும்பாலும் இருக்கும். ஓவியர் ரவிவர்மா வரைந்த உருவத்தின் வழியில் வந்தவள் அவள். கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸை இரவல் வாங்கி, லட்சுமியின் கன்னத்தின் மேல் வைத்துப் பாருங்கள். கன்னத்தின் நிறம் அங்கே இருக்காது. மஞ்சள் புள்ளிகள், கத்தரிப்பூச் சிவப்பில் புள்ளிகள், அங்கங்கே வெளிர்நீலம், நிழல் விழும் இடத்தில் கொஞ்சம் கறுப்பு. அவ்வளவுதான். லென்ஸை எடுத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றால் மறுபடியும் மாநிறக் கன்னம், செம்பட்டுப் புடவை, பொன் நகை.

தாளில் இல்லாத நிறம் எங்கிருந்து வருகிறது? இதைவிடக் கடினமான கேள்வி இன்னொன்று உண்டு. ஓவியன் தூரிகையால் குழைத்து வைத்த நூற்றுக்கணக்கான நிறங்களை நாலே மைகளாகப் பிரித்தது யார், எப்படி?

முதல் கேள்விக்கு விடை நம் கண்ணுக்குள் இருக்கிறது. வெளிச்சம் என்பது பல அலைநீளங்களின் கலவை. ஏறத்தாழ 400 நானோமீட்டரில் ஊதா தொடங்கி 700 நானோமீட்டரில் சிவப்பு முடிகிறது. இடையில் எண்ணற்ற அலைநீளங்கள் இருந்தாலும், அவற்றை உணர விழித்திரையில் மூன்று வகைக் கூம்புச் செல்கள்தான் உள்ளன. ஒரு வகை நீலப் பகுதியிலும், ஒரு வகை பச்சைப் பகுதியிலும், இன்னொன்று மஞ்சள் கலந்த பச்சைப் பகுதியிலும் அதிகமாகத் தூண்டப்படுகின்றன. சந்தையில் பையைத் தராசில் வைத்தால் மூன்று கிலோ என்று முள் காட்டும். உள்ளே இருப்பது தக்காளியா கத்தரிக்காயா என்று தராசுக்குத் தெரியாது. கூம்புச் செல்லும் அப்படித்தான். தன்மேல் விழுந்த ஒளி மொத்தத்தில் தன்னை எவ்வளவு தூண்டியது என்ற ஒரே கணக்கைத்தான் மூளைக்கு அனுப்புகிறது. மூன்று தராசுகள், மூன்று எண்கள். அந்த மூன்று எண்களும் பொருந்திப்போனால், உள்ளே இருக்கும் ஒளி முற்றிலும் வேறாக இருந்தாலும் நமக்கு ஒரே நிறம்தான்.

இது ஊகமாகத்தான் தொடங்கியது. 1802-இல் தாமஸ் யங் என்ற ஆங்கில மருத்துவர், கண்ணில் மூன்று வகை உணர்விகள் இருந்தால் போதும் என்று சொன்னார். ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், வண்ணத் தாள்களைப் பம்பரம்போன்ற வட்டில் ஒட்டிச் சுழற்றி, எந்த நிறங்களை எந்த விகிதத்தில் கலந்தால் எது தெரியும் என்று அளந்து அதற்கு வலுச் சேர்த்தார். 1986-இல் அமெரிக்காவில் ஜெரமி நாதன்ஸும் உடனிருந்தவர்களும் கூம்புச் செல்களின் மூன்று நிறமிகளுக்கான மரபணுக்களைப் பிரித்தெடுத்தபோது, யங் சொன்னது உடம்பிலேயே எழுதியிருப்பது தெரிந்தது. இடையில் 184 ஆண்டுகள்.

புள்ளிகள் கலந்து வேறு நிறமாவதை நம் நெசவாளர்கள் வெகுகாலமாக அறிவார்கள். மயில்கழுத்து நிறப் புடவையில் அந்த நிறச் சாயமே கிடையாது. பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம். நூல்கள் கண்ணால் பிரிக்க முடியாத அளவு மெல்லியவை. அதனால் இரண்டிலிருந்தும் வரும் ஒளி ஒரே கூம்புச் செல்லில் விழுகிறது.

இனி இரண்டாவது கேள்விக்கு வரலாம். ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியபோது நிறத்தைப் பிரித்தது மனிதக் கண். கல்லச்சு என்று நம் ஊரில் சொன்ன முறை அது. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து கல்லை ஈரப்படுத்தினால், வரைந்த இடம் மட்டும் அச்சு மையைப் பற்றும். ஈரமான இடம் தள்ளிவிடும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். அனுபவமுள்ள கைவினைஞர் அசல் ஓவியத்தைப் பார்த்து, இந்தக் கன்னத்தில் ரோஜா எவ்வளவு, மஞ்சள் எவ்வளவு, பழுப்பு எவ்வளவு என்று தன் கணிப்பில் முடிவு செய்து, கல்கல்லாக வரைவார். அத்தனை கற்களும் ஒரே தாளில், மயிரிழை பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று பதிய வேண்டும். அதற்காக ஜெர்மனியிலிருந்து ஆட்களை வரவழைத்தார்கள். பின்னாளில் அச்சகத்தை வாங்கிய ஷ்லைஷரும் ஜெர்மானியரே. சிவகாசியில் இன்றும் ஆப்செட் வேலை பார்ப்பவர் ‘ரெஜிஸ்டர் விலகிப்போச்சு’ என்று கவலைப்படுவது இதே விஷயத்துக்குத்தான்.

அந்தக் கைவினைஞர்கள் மேல் எனக்குப் பெரும் மரியாதை உண்டு. ஆனாலும் அவர்கள் செய்தது ஒரு மறுவரைவு. ரவிவர்மாவின் நிறத்தை இன்னொருவர் கண் வாசித்து எழுதிய பதிப்பு அது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் அவருடைய அசல் ஓவியங்களைப் பார்த்துவிட்டு வீட்டுச் சுவரில் உள்ள கல்லச்சுப் படத்தைப் பார்ப்பவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே தெரியும்.

புகைப்படக் கருவிதான் அப்போதே இருந்ததே, அதைக்கொண்டு பிரித்திருக்கலாமே? இருந்தது, ஆனால் அதற்கு அரைக் குருடு. 19-ஆம் நூற்றாண்டின் புகைப்படத் தகடுகளில் பூசிய வெள்ளி உப்புகள் பெரும்பாலும் நீலத்துக்கும் ஊதாவுக்கும்தான் வினைபுரிந்தன. சிவப்பு அவற்றின் பார்வையில் இருட்டு. லண்டன் நேஷனல் கேலரியில் பிளெமிஷ் ஓவியர் யான் வான் ஐக் 1433-இல் வரைந்த ஓர் உருவப்படம் இருக்கிறது. தலையில் மடிப்பு மடிப்பாகச் சுற்றிய சிவப்புத் துணியோடு ஒருவர் நம்மையே பார்ப்பார். அது வான் ஐக்கின் தன்னுருவாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். முழுப் படமும் ஏறக்குறைய ஒரு பள்ளி நோட்டு அளவுதான். அந்த ஓவியத்தைப் பழைய தகட்டில் படமெடுத்தால், ஓவியத்தின் உயிரான தலைப்பாகை ஏறக்குறையக் கறுப்பாகிவிடும். மடிப்புகளில் அவர் காட்டிய அத்தனை சிவப்பு வேறுபாடுகளும் போய்விடும்.

நமக்கும் வான் ஐக்கின் பிளாண்டர்ஸுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். இன்றைய பெல்ஜியத்தின் வடபகுதியில் 15-ஆம் நூற்றாண்டில் வான் ஐக் போன்றவர்கள் உச்சத்துக்குக் கொண்டுபோன எண்ணெய் வண்ண முறைதான் ஐரோப்பா முழுவதும் பரவி, 1868-இல் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற உருவப்பட ஓவியரின் கைக்கும் வந்தது. அவர் வரைவதைப் பார்த்தே இளம் ரவிவர்மா எண்ணெய் வண்ணத்தின் நுட்பத்தைப் பிடித்தார். எண்ணெய் வண்ணத்தை வான் ஐக்கே கண்டுபிடித்தார் என்று பழைய புத்தகங்கள் எழுதின, அது தவறு. ஆப்கானிஸ்தானின் பாமியான் குகைகளில் 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பௌத்தச் சுவரோவியங்களில் உலரும் எண்ணெய் கலந்திருப்பதை ஆய்வாளர்கள் 2008-இல் காட்டினார்கள்.

சரி, குருட்டுத் தகட்டை வைத்துக்கொண்டு நிறத்தைப் பிடிப்பது எப்படி? 1861 மே 17 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மேக்ஸ்வெல் வழி காட்டினார். கட்டம்போட்ட வண்ண நாடா ஒன்றை, புகைப்படக்காரர் தாமஸ் சட்டன் மூன்று முறை கறுப்பு வெள்ளையில் எடுத்தார். ஒரு முறை சிவப்பு நீர்மத்தின் ஊடாக, ஒரு முறை பச்சை, ஒரு முறை நீலம். மூன்று படங்களையும் மூன்று விளக்குகளில் வைத்து, எடுத்த அதே நிற வடிகட்டிகளின் வழியே ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழச் செய்தபோது நாடா நிறத்தோடு தெரிந்தது. கண்ணில் மூன்று தராசு என்றால், எடையையும் மூன்றாகப் பதிந்துகொண்டால் போதும் என்பதுதான் இதன் சாரம். இன்று உங்கள் கைபேசித் திரைவரைக்கும் எல்லாமே இதன் நீட்சி.

ஆனால் இதில் ஒரு புதிர் ஒளிந்திருந்தது. சிவப்பை அறியாத தகட்டில், சிவப்பு வடிகட்டி வழியே எடுத்த படம் விழுந்தது எப்படி? நூறு ஆண்டுகள் கழித்து, 1961-இல், கோடாக் நிறுவனத்தின் ரால்ஃப் எவன்ஸ் அந்தச் சோதனையை மீண்டும் செய்து பார்த்தார். நாடாவின் சிவப்புச் சாயம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் திருப்பி அனுப்பியிருக்கிறது. சட்டன் வைத்த சிவப்பு நீர்மமும் புற ஊதாவை உள்ளே விட்டிருக்கிறது. சிவப்புக்குப் பதிலாகப் புற ஊதா பதிந்து, தற்செயலாகச் சரியான இடத்தில் உட்கார்ந்துகொண்டது. கொள்கை சரி, சான்று மட்டும் அதிர்ஷ்டம். அறிவியலில் ஒரு முடிவு சரியாக வந்தபிறகும் அதை மறுபடி செய்து பார்ப்பது ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

குருட்டுக்கு மருந்து 1873-இல் பெர்லினில் கிடைத்தது. ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் என்ற வேதியியலாளர், விலைக்கு வாங்கிய தகடுகள் சில பச்சை ஒளிக்கு எதிர்பாராத அளவு வினைபுரிவதைக் கவனித்தார். தகட்டுக்குள் ஒளி சிதறாமல் இருக்க அதில் ஒரு சாயம் சேர்த்திருந்தார்கள். அந்தச் சாயம் தான் விழுங்கிய ஒளியின் ஆற்றலை வெள்ளி உப்புக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. அப்படியானால் பொருத்தமான சாயத்தைத் தேடிச் சேர்த்தால் எந்த நிறத்தையும் பார்க்க வைக்கலாம். அடுத்த முப்பது ஆண்டுகளில் சிவப்பு வரை எல்லா நிறத்தையும் உணரும் தகடுகள் வந்துவிட்டன. வான் ஐக்கின் தலைப்பாகை இனிக் கறுப்பாக வேண்டியதில்லை.

அப்போதும் மூன்று முறை எடுக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நேரம் பிடிக்கும். உட்கார்ந்திருக்கும் மனிதர் மூச்சு விட்டாலே மூன்று படங்களும் ஒன்றோடொன்று பொருந்தாது. ஓவியம் அசையாது. தொடக்ககால வண்ணப் புகைப்படத்துக்கு ஓவியத்தைவிட நல்ல இலக்கு இல்லாமல் போனது இதனால்தான். 1908-இல் லண்டனில் தொடங்கிய மெடிசி சொசைட்டி, பழைய மேதைகளின் ஓவியங்களை வண்ணத்தில் அச்சிட்டு நடுத்தர வர்க்கத்து வீடுகளுக்குக் கொண்டுபோனது.

இந்த மூன்று முறைத் தொல்லையை ஒரே முறையாக்கிய கதைதான் பொம்மிடிக்காரர்கள் காதுகொடுத்துக் கேட்க வேண்டியது.

பொம்மிடி, பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில் மரவள்ளி போடாத ஊர் குறைவு. குச்சிக்கிழங்கை உரித்து, அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் விட்டால் அடியில் வெள்ளை மாவு படியும். அதுதான் ஜவ்வரிசியாகிறது. அந்த மாவைச் சிட்டிகை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் கண்ணாடி உருண்டைபோல மணிமணியாக இருக்கும். பெரும்பாலானவை 5 முதல் 35 மைக்ரான் குறுக்களவு உள்ளவை. தலைமயிரின் தடிமனே ஏறத்தாழ 70 மைக்ரான் வரும்.

பிரான்சின் லியோன் நகரில் லூமியேர் சகோதரர்கள், சினிமாவைத் தந்த அதே ஒகுஸ்தும் லூயியும், 1903-இல் காப்புரிமை பெற்று 1907-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆட்டோக்ரோம் தகட்டின் மூலப்பொருள் இப்படிப்பட்ட கிழங்கு மாவுதான். அவர்கள் எடுத்தது உருளைக்கிழங்கு மாவு. அதன் மணிகளில் பெரியவை 100 மைக்ரான் வரைகூடப் போகும். 10 முதல் 15 மைக்ரான் உள்ள சின்ன மணிகளை மட்டும் பிரித்தெடுத்தார்கள். அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் நம் மரவள்ளி மாவு அந்த வேலைக்கு இன்னும் வாகானது.

மாவை மூன்று பங்காக்கினார்கள். ஒன்றுக்கு ஆரஞ்சு கலந்த சிவப்புச் சாயம், ஒன்றுக்குப் பச்சை, ஒன்றுக்கு நீலம் கலந்த ஊதா. மூன்றையும் கலந்தால் சாம்பல் நிறமாகத் தெரியும்படி அளவைச் சரிசெய்தார்கள். பசை தடவிய கண்ணாடிமேல் அதை ஒரே அடுக்காகத் தூவினார்கள். மணிகளுக்கு நடுவில் ஒளி கசியாமல் இருக்கக் கரித்தூளால் நிரப்பினார்கள். மிகுந்த அழுத்தத்தில் மணிகளை நசுக்கித் தட்டையாக்கி, மேலே எல்லா நிறத்தையும் உணரும் வெள்ளிப் பூச்சைப் பூசினார்கள். ஒரு சதுர மில்லிமீட்டரில் ஆயிரக்கணக்கான மணிகள், ஒவ்வொன்றும் தன்னளவில் ஒரு வடிகட்டி. மேக்ஸ்வெல் மூன்று முறை செய்ததை அவை ஒரே நேரத்தில், பக்கத்தில் பக்கத்தில் நின்று செய்தன.

தலைப்பாகையின் சிவப்பு ஒளி தகட்டில் விழுவதாக வைத்துக்கொள்வோம். முதலில் மாவு மணிகள், பின்னால் வெள்ளிப் பூச்சு. சிவப்பு மணி ஒளியை உள்ளே விடுகிறது. அதன் பின்னால் உள்ள வெள்ளி ஒளிபட்டுப்போகிறது. பச்சை, ஊதா மணிகள் ஒளியை நிறுத்திவிடுகின்றன. அவற்றின் பின்னால் உள்ள வெள்ளி தொடப்படாமல் இருக்கிறது. இருட்டறையில் ஒளிபட்ட வெள்ளியைக் கறுப்பாக்கி, அந்தக் கறுப்பை ஓர் அமிலக் கரைசலில் கரைத்து நீக்கிவிடுவார்கள். மிஞ்சியிருக்கும் தொடப்படாத வெள்ளியைப் பிறகு கறுப்பாக்குவார்கள். இப்போது தகட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், பச்சை, ஊதா மணிகளின் பின்னால் கறுப்புத் திரை. சிவப்பு மணியின் பின்னால் திறந்த வழி. அந்த இடம் சிவப்பாக ஒளிர்கிறது. மஞ்சள் பொருளாக இருந்தால் சிவப்பு, பச்சை இரண்டு மணிகளும் திறந்திருக்கும். இரண்டும் கண்ணில் கலந்து மஞ்சளாகும்.

ஆட்டோக்ரோம் தகட்டில் பதிந்த ஓர் ஓவியத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் கிழங்கு மாவு மட்டுமே தெரியும். அதற்குள் மனித முகம் ஒன்று ஒளிந்திருப்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை. குறையும் உண்டு. மணிகளும் கரித்தூளும் ஒளியின் பெரும்பகுதியை விழுங்கிவிடுவதால் படம் மங்கலாகவே இருக்கும், பின்னாலிருந்து பலமான விளக்கு வேண்டும். ஒரு தகட்டுக்கு ஒரே படம். அதைப்போல் பத்துப் படிகள் எடுத்துத் தருவது எளிதல்ல. ஆல்பெர்ட் கான் என்ற பிரெஞ்சு வங்கியாளர் உலகமெங்கும் ஆட்களை அனுப்பி 72,000 ஆட்டோக்ரோம் தகடுகளைச் சேர்த்தார். அவருடைய ஆட்கள் இந்தியாவுக்கும் வந்தார்கள். முறை 1930-களில் வழக்கொழிந்தது. ஆனால் எண்ணம் அழியவில்லை. 1976-இல் கோடாக்கின் பிரைஸ் பேயர் காப்புரிமை பெற்ற அமைப்பில், மின்னணு உணர்விமேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் சதுரங்கக் கட்டம்போல வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. மாவில் தாறுமாறாகத் தூவியதை இது ஒழுங்காக வைத்தது. சென்னைப் புகைப்படக் கலைஞர் ஜி. வெங்கட்ராம், நடிகைகளை ரவிவர்மா ஓவியங்களின் கோலத்தில் நிறுத்தி 2020-ஆம் ஆண்டுக் காலண்டருக்கு எடுத்த படங்களும், உங்கள் கைபேசிப் படங்களும் இந்த வழி வந்தவையே.

தாளில் அச்சிடுவதற்கு வேறொரு திருப்பம் தேவைப்பட்டது. தாள் தானாக ஒளி தராது. அதன்மேல் விழும் வெள்ளை ஒளியிலிருந்து மை எதையாவது கழிக்கத்தான் முடியும். வெளிர்நீல மை சிவப்பைக் கழிக்கும், கத்தரிப்பூச் சிவப்பு பச்சையைக் கழிக்கும், மஞ்சள் நீலத்தைக் கழிக்கும். சிவப்பு வடிகட்டி வழியே எடுத்த படத்தில் எங்கெல்லாம் சிவப்பு இல்லையோ அங்கெல்லாம் வெளிர்நீல மை வைத்தால் போதும். பிரான்சின் லூயி தூக்கோ து ஓரோன் இதை 1869-இலேயே எழுதிவிட்டார். மீதி இருந்தது, மையின் அடர்த்தியைக் கூட்டிக் குறைக்க முடியாத அச்சு எந்திரத்தில் மெல்லிய நிறத்தையும் அழுத்தமான நிறத்தையும் காட்டுவது. கட்டம்போட்ட கண்ணாடித் திரை வழியே படத்தைப் பிடித்து, பெரிதும் சிறிதுமான புள்ளிகளாக உடைத்து அதைச் சாதித்தார்கள். லட்சுமியின் கன்னத்தில் நீங்கள் பார்த்தது அந்தப் புள்ளிகளை. நாலு நிறத்தின் புள்ளி வரிசைகளும் வெவ்வேறு கோணத்தில் சாய்ந்திருப்பதால் லென்ஸில் சின்னச் சின்ன ரோஜாப்பூ வளையங்கள் தெரியும்.

இந்தப் புள்ளித்திரையின் கணிதத்தில் உலக அளவில் பேர் வாங்கியவர் ஓர் இந்தியர் என்பது நம் பாடப்புத்தகங்களில் ஏன் இல்லை என்று தெரியவில்லை. கல்கத்தாவின் உபேந்திரகிஷோர் ராய் சவுத்ரி (1863–1915). சத்யஜித் ராயின் தாத்தா. தன் புத்தகத்துக்கான படங்கள் மோசமாக அச்சானதைப் பொறுக்க முடியாமல், 1895-இல் இங்கிலாந்திலிருந்து கருவிகளை வரவழைத்துத் தானே கற்றுக்கொண்டார். திரைக்கும் தகட்டுக்கும் இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும், லென்ஸின் துளை என்ன வடிவில் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் அச்சுக்காரர்கள் அன்று கைப்பழக்கத்தில் செய்துகொண்டிருந்தார்கள். அவர் கணக்குப் போட்டு, லண்டனின் பென்ரோஸ் அச்சுக்கலை ஆண்டுமலரில் தொடர்ந்து கட்டுரைகள் எழுதினார். ராமானந்த சட்டர்ஜியின் ‘பிரவாசி’, ‘மாடர்ன் ரிவ்யூ’ இதழ்களில் வந்த வண்ண ஓவியப் பக்கங்களுக்கு அவருடைய நிறுவனம் அச்சுத் தகடுகள் செய்துகொடுத்தது. இந்திய வாசகர்கள் ஓவியத்தை நிறத்தோடு இதழில் பார்க்கக் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

இவ்வளவு செய்தும் படி அசலாகிவிடுமா? ஆகாது, காரணம் இயற்பியலில் இருக்கிறது. பிளெமிஷ் ஓவியர்கள் சாதிலிங்கச் சிவப்பின் மேல் ஒளி ஊடுருவும் மெல்லிய செஞ்சாய எண்ணெய்ப் பூச்சுகளை அடுக்கினார்கள். ஒளி உள்ளே போய், அடியில் பட்டு, மறுபடி சாயத்தின் வழியே வெளியே வருவதால்தான் அந்தச் சிவப்புக்கு ஆழம். புகைப்படம் ஒரு கோணத்தில், ஒரு விளக்கில் கிடைத்த மூன்று எண்களை மட்டும் எடுத்துவருகிறது. அந்த எண்களைக் காலண்டர் மை வேறு வழியில் உண்டாக்குகிறது. கடை விளக்கில் பொருத்தமாக இருந்த ரவிக்கைத் துணி, வெளியே வெயிலுக்கு வந்ததும் புடவையோடு பொருந்தாமல் போவதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்பார்கள். ஒரு விளக்கில் ஒத்துப்போன மூன்று எண்கள் இன்னொரு விளக்கில் பிரிந்துவிடுகின்றன. ஓவியத்துக்கும் அதன் அச்சுக்கும் இதே கதிதான்.

ஆனாலும் படி வீண் அல்ல. பெல்ஜியத்தின் கெண்ட் நகரத் தேவாலயத்தில் வான் ஐக் சகோதரர்களின் பெரும்பலகை ஓவியத்திலிருந்து ‘நேர்மையான நீதிபதிகள்’ என்ற பலகையை 1934 ஏப்ரலில் யாரோ திருடிப் போனார்கள். இன்றுவரை கிடைக்கவில்லை. இப்போது அங்கே இருப்பது யெஃப் வான் டெர் வெக்கன் என்ற ஓவியர் பழைய புகைப்படங்களையும் 16-ஆம் நூற்றாண்டுப் படி ஒன்றையும் துணைக்கொண்டு வரைந்தது. அசல் போனபின் உலகத்துக்கு மிஞ்சியது படிகள் மட்டுமே. ரவிவர்மாவின் அச்சகமும் 1972-இல் தீப்பிடித்து எரிந்தது. அங்கே இருந்த கற்களும் படங்களும் பெருமளவு அழிந்தன. ஆகவே நம் வீடுகளில் தொங்கும் பழைய கல்லச்சுப் படங்கள் வெறும் சாமி படங்களாக மட்டும் இல்லை. ஒரு தொழில்நுட்பத்தின் எஞ்சிய சான்றுகள்.

அவற்றுக்குப் பெரிய எதிரி வெயில். வெயில் படும் சுவரில் மாட்டிய காலண்டர் ஓரிரு ஆண்டுகளில் நீலம் பாய்ந்துபோவதற்குக் காரணம், மஞ்சள், சிவப்பு மைகள் ஒளியில் சீக்கிரம் சிதைவதும் வெளிர்நீலமும் கறுப்பும் நீடித்து நிற்பதும்தான். கல்லச்சு மைகளிலும் வெளுக்கக்கூடியவை உண்டு. பொம்மிடியிலோ சுற்று ஊர்களிலோ உங்கள் பாட்டி வீட்டுக் கூடத்தில் பழைய ரவிவர்மா படம் இருந்தால், அதை ஜன்னலுக்கு எதிர்ச் சுவரிலிருந்து இறக்கி நிழலான சுவருக்கு மாற்றுங்கள். விளக்குப் புகையும் ஈரமும் அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடியைத் துடைக்கிறேன் என்று ஈரத்துணியைச் சட்டத்துக்குள் இறங்கவிடாதீர்கள். ஃபிளாஷ் போடாமல், நிழல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அந்த வெள்ளைத் தாள் இருந்தால், பின்னாளில் யாரும் விளக்கின் நிறத்தைக் கழித்துவிட்டுப் படத்தின் நிறத்தை மீட்டுக்கொள்ள முடியும்.